தற்செயலாகச் சந்தித்தவர்கள்

வள்ளம் கண்டல் காட்டுக்குள் நுழைந்ததும் எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். சிவக்கொழுந்து மட்டும் மகளின் மூக்கைப் பார்த்தாள். குணலட்சுமி எதையாவது மோந்து பார்க்கிறாளா என்பதுதான் அவளுடைய கவலையெல்லாம். குணலட்சுமிக்கு வலிப்பு வருமுன் ஒரு கருகல் மணம் வரும். அது அவளுக்கு மட்டும்தான் மணக்கும். "அம்மா, மணக்குது" என்பாள். அடுத்த கணம் விழுந்துவிடுவாள். வைரவருக்கு நேர்த்திக்கடன் வைத்த பிறகு அது விட்டுப்போய்விட்டது என்று தகப்பன் அருளம்பலம் நிம்மதியாக இருந்தார். போன மாதம் மாட்டுக்கொட்டிலுக்குள் அது வந்துபோனது தாய்க்கும் மகளுக்கும் மட்டுமே தெரியும்.

சித்திரை வெயிலில் நீர்வேலியிலிருந்து வண்டில் கட்டி வந்து, நாவற்குழிக் கரையில் வள்ளம் பிடித்து, இந்தச் சேற்று வாய்க்கால்களைச் சுற்றிப் பார்க்க அவர்களுக்கு என்ன விசரா? வைரவர் மேட்டில் பொங்கல் என்பது ஊருக்குச் சொன்ன காரணம். மட்டுவிலிலிருந்து மாப்பிள்ளையாகப் பேசப்பட்ட சண்முகநாதனும் அவன் தாயும் இன்னொரு வள்ளத்தில் தற்செயலாக அங்கே வருவார்கள் என்பதுதான் உண்மைக் காரணம். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போனால் பெண்ணின் பெயர்தான் கெடும். தற்செயலாகப் பார்த்தால் யாருக்கும் பழியில்லை. ஏற்கெனவே பேசி வந்த இடங்கள் வலிப்பை எப்படியோ மோப்பம் பிடித்து நழுவிவிட்டன. இதுவும் போனால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று சிவக்கொழுந்துக்குத் தெரியும். மறைப்பது பாவம்தான். அந்தப் பாவத்தை அவள் மனதாரச் செய்துகொண்டிருந்தாள்.

வாய்க்கால் கிளை பிரிந்து, கிளைக்குள் கிளை பிரிந்து போனது. இரண்டு கரையிலும் கண்டல் வேர்கள் சேற்றில் விரல் ஊன்றி நின்றன. காற்று அடியோடு செத்துக்கிடந்தது. அருளம்பலம் சின்னப்பிள்ளை போல ஒவ்வொரு கொக்குக்கும் எழும்பி எழும்பி இருந்தார்.

"எந்த வாய்க்கால் எங்கை போகுதெண்டு உமக்கு எப்பிடித் தெரியும், சிமியோன்?"

"தெரியாட்டி இவ்வளவு நேரமும் உங்களோடை பகிடி கதைச்சுக்கொண்டு வருவனே ஐயா?" என்று வள்ளக்காரன் கோலை ஊன்றினான்.

இலைகளுக்கிடையால் வெயில் தண்ணீரில் விழுந்து மினுக்கு மினுக்கென்று மின்னியது. அப்படியான மினுக்கமும் வலிப்பைக் கொண்டுவரும்; சிவக்கொழுந்து மகளின் பக்கம் சாய்ந்தாள்.

"குடையைப் பதிச்சுப் பிடி பிள்ளை. தண்ணியைப் பாராதை."

"அப்ப எதையம்மா பாக்கிறது?"

"என்ரை முகத்தைப் பார்."

குணலட்சுமி பார்த்தாள். சிரித்தாள். "உங்கடை முகத்தைப் பாத்தாத்தான் எனக்குப் பயமாக் கிடக்கு."

அடுத்த திருப்பத்தில், வைரவர் மேட்டுக்கு இன்னும் பாதி வழி இருக்கையில், மட்டுவில் வள்ளம் சேற்றில் ஏறி இறுகி நின்றது. சண்முகநாதன் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு வெட்கத்தோடு இருந்தான். பக்கத்தில் அவன் தாய் அன்னப்பிள்ளை; இடுப்பில் வீட்டுச் சாவிகளெல்லாம் கோத்த திறப்புக்கோர்வை தொங்கியது.

"அட, மட்டுவில் ஆக்களே! என்ன புதினம்!" என்றார் அருளம்பலம். கூத்தில்கூட அவருக்கு யாரும் வேஷம் கொடுக்கமாட்டார்கள்.

சிமியோன் வள்ளத்தைப் பக்கத்தில் அணைத்தான். குணலட்சுமி தலையைக் குனிந்தபடி தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்தாள்.

"அம்மா, மணக்குது."

சிவக்கொழுந்து எழும்பினாள். மகளின் தோளை அழுத்தி வள்ளத்தின் அடித்தட்டில் சரித்தாள். பிறகு "ஐயோ!" என்று கத்திக்கொண்டு மற்றப் பக்கத்தால் தண்ணீருக்குள் விழுந்தாள்.

தண்ணீர் நெஞ்சளவுதான். ஆனால் கடலில் தாழ்கிறவள் போல அவள் கையையும் காலையும் அடித்தாள். சிமியோன் கோலை நீட்டினான்; அவள் பிடிக்கவில்லை. சண்முகநாதன் குதித்து வந்தான், அவனையும் உதறினாள். என்னைப் பாருங்கோ, எல்லாரும் என்னையே பாருங்கோ என்று மனம் கெஞ்சியது. வள்ளத்துப் பலகையில் குதிகால்கள் படபடவென்று அடிக்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அதை அமுக்க இன்னும் பலமாகக் கத்தினாள்.

அப்போதுதான் கண்டாள். அன்னப்பிள்ளை இவளைப் பார்க்கவே இல்லை. இந்த வள்ளத்துக்குத் தாண்டி வந்து, குணலட்சுமியை ஒருக்களித்துக் கிடத்தி, தலையை மடியில் வைத்து, தன் இடுப்புத் திறப்புக்கோர்வையை அவிழ்த்து அவள் கைக்குள் திணித்துவிட்டிருந்தாள். வலிப்புக்காரர் கையில் இரும்பு கொடுக்க எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்னப்பிள்ளையின் கை பதறவில்லை. முதன்முதலாகச் செய்கிற கை அல்ல அது.

சிவக்கொழுந்து கத்துவதை நிறுத்தினாள்.

வலிப்பு அடங்கியபின், சேறு வடிய வள்ளத்தில் ஏறி வந்த சிவக்கொழுந்து, "இண்டைக்கு வெயில் கொஞ்சம்..." என்று தொடங்கினாள்.

"ஒண்டும் சொல்லாதையுங்கோ" என்றாள் அன்னப்பிள்ளை.

சண்முகநாதன் தண்ணீரில் நின்றபடி தன் தாயின் முகத்தையே பார்த்தான். தாய் அவனைப் பார்க்கவில்லை. தங்கள் வள்ளத்துக்குத் தாண்டிக்கொண்டாள். அவனும் வள்ளக்காரனுமாக அதைச் சேற்றிலிருந்து தள்ளி இறக்கினார்கள்.

"உங்கடை திறப்பு..." என்றாள் சிவக்கொழுந்து.

"இப்ப இழுக்காதையுங்கோ. பிள்ளையின்ரை நித்திரை குழம்பும்."

சம்பந்தம் பேச வாருங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வள்ளம் கண்டலுக்குள் மறைந்தது.

திரும்பும் வழியில் அருளம்பலம் கொக்குகளைப் பார்க்கவில்லை.

"நேர்த்திக்குப் பிறகு முந்தியும் வந்ததோ?"

"ஓம். போன மாதம்."

அவர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து மகளின் முகத்தில் வெயில் படாமல் பிடித்தார். சிமியோன் ஊன்றும் ஒவ்வொரு தரமும் குணலட்சுமியின் கைக்குள் திறப்புகள் மெல்லக் கிலுங்கின. இந்தத் திறப்புகள் போய்ச் சேரும்வரை மட்டுவிலில் ஒரு வீடு பூட்டியபடி கிடக்கும். சிவக்கொழுந்து மகளின் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். நித்திரையிலேயே அவை இன்னும் இறுகின.