சிவப்பு வளையம் இல்லாத கம்பங்கள்

காற்றே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மின்கம்பம் ஒன்று முறிந்தது. மேலே வேலை செய்துகொண்டிருந்த வயர்மேன் ஒரு தகரக் கூரைமேல் விழுந்து, அங்கிருந்து தரைக்கு உருண்டான். இடது கால் இரண்டு இடத்தில் உடைந்தது. அவன் அந்தப் பகுதியின் மின் பொறியாளருடைய கொழுந்தன். அந்தக் கம்பத்தைப் புயல் தாங்குமாறு பலப்படுத்தியவளும் அவள்தான்.

"என்னைப் பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே அண்ணி," என்றான், மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு. "கம்பத்தைச் சாய்ச்சா தள்ளிவிடுவீங்க?"

"நீ அவ சமையலைக் குறை சொன்னப்பவே நினைச்சேன்டா," என்றார் அவள் கணவர்.

அவள் சிரிக்கவில்லை. "எந்த இடத்துல முறிஞ்சது?"

"சிமெண்ட் கட்டுக்கு உள்ளே. ஒரு விரல் ஆழத்துல. வெளியே பார்த்தா பெயிண்ட் அடிச்சு, புது மாப்பிள்ளை மாதிரி நின்னுச்சு அண்ணி."

ஒன்பது வருடங்களுக்கு முன் வந்த புயலில் நானூறு இரும்புக் கம்பங்கள் சாய்ந்தன. அதன் பிறகு அவள் ஒரு திட்டம் தயாரித்தாள்: ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் முழங்கால் உயரத்துக்கு சிமெண்ட் கட்டு. அதன் மேற்புறம் சரிவாக இருக்க வேண்டும், மழைத்தண்ணீர் வழிந்து ஓட. வரைபடத்தில் அப்படித்தான் போட்டிருந்தாள். ஆனால் தெருக்காரர்கள் தட்டையாக வேண்டும் என்றார்கள். உட்காரலாம், காய்கறிப் பையை இறக்கி வைக்கலாம், பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம். ஒப்பந்தக்காரருக்கும் தட்டையாகப் பூசுவது எளிது. அவள் ஒத்துக்கொண்டாள். அது அப்போது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

மறுநாள் அவளும் ஃபோர்மேனும் முறிந்த கம்பத்தின் அடிக்கட்டையை உடைத்தார்கள். ஃபோர்மேனை எல்லோரும் 'பிளையர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். அவர் சுத்தியலால் சிமெண்டைப் பெயர்த்து, உள்ளே இருந்த இரும்பை விரலால் தொட்டார். மரப்பட்டைபோல உதிர்ந்தது. தட்டையான மேற்பரப்பில் தேங்கிய தண்ணீர் ஒன்பது மழைக்காலமாக இரும்பும் சிமெண்டும் சேரும் இடுக்கில் இறங்கியிருந்தது.

"எத்தனை கம்பத்துக்கு இப்படிக் கட்டினோம்?" என்றாள், தெரிந்தும்.

"ஆயிரத்து நானூத்தி அறுபது."

அடுத்த புயல் நான்கு நாளில் கரையைக் கடக்கும் என்று அன்று காலைதான் அறிவித்திருந்தார்கள். கம்பங்கள் விழட்டும், அவற்றைத் திரும்ப நட்டுவிடலாம். புயலுக்கு அப்புறம் ஆட்கள் ஏறுவார்களே, அதுதான் அவளை உறங்கவிடவில்லை. இன்னொருவன் விழக்கூடாது. அதற்கு மேல் எதையும் யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

பெரிய அதிகாரி போனில், "அந்த இரும்பை ஆய்வகத்துக்கு அனுப்புங்க, முடிவு வரட்டும். பீதியைக் கிளப்பாதீங்க," என்றார்.

அவள் காத்திருக்கவில்லை. கையிலிருந்த இருபத்திரண்டு பேரையும் இறக்கினாள். கம்பத்தின் சிமெண்ட் மேல்விளிம்பை உளியால் கொத்தி, உள்ளே இருக்கும் இரும்பைப் பார்க்க வேண்டும். அரித்திருந்தால் கண் உயரத்தில் ஒரு சிவப்பு வளையம். ஸ்டோரில் சிவப்பு பெயிண்ட் மட்டும்தான் நிறைய இருந்தது.

"நம்ம கட்டினதை நாமே கொத்துறோம்," என்றார் பிளையர், இரண்டாம் நாள். "கட்டினதுக்குக் கேடயம் குடுத்தாங்க. அடுத்த வருஷம் கொத்தினதுக்கும் ஒண்ணு குடுப்பாங்க மேடம்."

"பேசாம கொத்துங்க."

காற்று கிளம்பும் வரை கொத்தினார்கள். முந்நூற்றுப் பதினோரு கம்பங்கள் பார்த்தாகிவிட்டது. அதில் இருநூற்று முப்பதுக்கு வளையம் விழுந்தது. மீதி ஆயிரத்துச் சொச்சத்தை யாரும் தொடவில்லை.

புயல் இரவு முழுக்க அடித்து விடிகாலையில் ஓய்ந்தது. அரித்த கம்பங்களில் பல விழுந்தன. இன்னும் பல, எப்படியோ, நின்றன. மரக்கிளைகள் கம்பிகளை அறுத்துப் போட்டிருந்தன. ஆளை மேலே தூக்கும் கூடை வண்டி அந்த வட்டாரத்துக்கே ஒன்றுதான். அது ஆஸ்பத்திரி லைனுக்குப் போனது. அவள் துணைமின்நிலையத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்ற கருவிகளுக்கு நடுவே இருந்தாள்.

வெளி மாவட்டத்திலிருந்து உதவிக்கு இரண்டு லாரி ஆட்கள் வந்தார்கள். அவர்களுடைய மேஸ்திரி போன் செய்தபோது அவள் ஒரு கையால் டார்ச்சைப் பிடித்திருந்தாள்.

"குடிதண்ணி பம்ப் ஹவுஸ் லைனை எடுத்துக்கங்க," என்றாள். "ஒரு விஷயம். சிவப்பு வளையம் போட்ட கம்பத்துல யாரும் ஏறக்கூடாது. யாருமே."

"சரிம்மா. சிவப்புன்னா தொடமாட்டோம்."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

பத்து மணிக்குப் பிளையர் வந்து வாசலில் நின்றார். "பம்ப் ஹவுஸ் தெருவுல கம்பம் சாஞ்சிடுச்சு மேடம். ஆள் மேல இருந்தான்," என்றார். அவள் தண்ணீரிலிருந்து ஏறி, ஈர உடையோடு ஜீப்பில் உட்கார்ந்தாள்.

பம்ப் ஹவுஸ் தெருவில் கம்பம் ஒரு வீட்டுச் சுவர்மேல் குறுக்கே கிடந்தது. ஏறியிருந்தவனுக்கு நாற்பது வயது இருக்கும். விதிப்படி இடுப்பு பெல்ட்டைக் கம்பத்தோடு மாட்டியிருந்தான். அதனால் குதிக்க முடியவில்லை. கம்பத்தோடு சேர்ந்து, கம்பத்துக்கு அடியில் போய்ச் சேர்ந்தான். யாரோ ஒரு தார்ப்பாயைப் போர்த்தியிருந்தார்கள். பூட்ஸ் வெளியே தெரிந்தது.

மேஸ்திரி கத்தவில்லை. அவளைக் கம்பத்தின் பக்கம் கூட்டிப் போய், குனிந்து, கையால் தடவிக் காட்டினார்.

"சிவப்பு இல்லையேம்மா."

"இல்லை."

"அப்ப நல்ல கம்பம்னுதானே அர்த்தம்?"

"இல்லைங்க. இன்னும் பார்க்கலைன்னு அர்த்தம்."

அவர் தார்ப்பாயைக் கையால் காட்டினார். "அது உங்களுக்குத் தெரியும். இவனுக்கு எப்படித் தெரியும்?"

உள்ளூர் ஆட்கள் இருபத்திரண்டு பேருக்கும் எந்தத் தெரு பார்த்தது, எந்தத் தெரு பார்க்காதது என்று மனப்பாடம். அவர்களை மனதில் வைத்துத்தான் அவள் வளையம் போடச் சொன்னாள். கெட்டதை அடையாளம் காட்டினால் போதும் என்று நினைத்தாள். வெளியூர்க்காரன் கண்ணுக்கு, பார்க்காத கம்பமும் நல்ல கம்பமும் ஒன்றுதான்.

பெரிய அதிகாரி போனில் வந்தார். "ஏறுறதுக்கு முன்னாடி கம்பத்தைத் தட்டிப் பார்க்கணும்னு விதி இருக்கு. அவங்க பார்க்கலைன்னு எழுதிடுங்க."

"தட்டினாலும் தெரியாது சார். அரிப்பு சிமெண்டுக்குள்ள இருக்கு."

"அது இப்போ அறிக்கையில வரணுமா?"

"கட்டுனது நான். வளையம் போடச் சொன்னதும் நான். ரெண்டும் வரும் சார்."

போனை அணைத்துவிட்டுப் பிளையரிடம் திரும்பினாள். "எல்லா கேங்குக்கும் சொல்லுங்க. நாம கொத்திப் பார்த்து, நல்லாயிருக்குன்னு அடையாளம் வச்ச கம்பத்துல மட்டும்தான் ஏறணும். மத்ததுல கை வைக்கக்கூடாது."

"அடையாளத்துக்கு என்ன போடுறது? மறுபடி சிவப்பா?"

"வேண்டாம். வேற எதாவது."

கடைகள் திறக்கவில்லை. ஒரு வீட்டுப் பெண் பழைய வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடுத்தாள். நல்ல கம்பத்தில் கட்ட, பிளையர் அதைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்தார். உள்ளூர் ஆட்களும் வெளியூர் ஆட்களும் கலந்து, கம்பம் கம்பமாகக் கொத்திக்கொண்டு போனார்கள். மேஸ்திரி உளியை வாங்கித் தானே கொத்தினார்.

மதியத்துக்குள் காலிக் குடங்களோடு கூட்டம் சேர்ந்துவிட்டது. "நேத்திலேர்ந்து ஒரு சொட்டு தண்ணி இல்லை," என்றாள் ஒருத்தி. "இத்தனை ஆம்பளைங்க இருக்கீங்க, ஒருத்தன்கூட ஏறமாட்டீங்களா?"

"காலையில ஒருத்தன் ஏறினான்மா," என்றார் மேஸ்திரி, நிமிராமல்.

பம்ப் ஹவுஸ் வரை பதினேழு கம்பங்கள். ஒன்று கீழே கிடந்தது. மூன்றில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. மீதியில் கொத்திப் பார்த்ததெல்லாம் அரித்திருந்தது. அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பி, தண்ணீர் வர இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல ஆரம்பித்தாள்.