ஒஹாயோ மாப்பிள்ளையின் ஓட்டு

பெனிதா கினாட்டாவின் வீட்டில் நாலு வருஷத்துக்கு ஒரு முறை அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுப்பார்கள். பசிபிக் கடலின் குவாம் தீவில், உமாத்தாக் ஊர்த் திருவிழா முடிந்த மறுநாள் அது நடக்கும். மிஞ்சிய சிவப்புச் சோற்றையும் சுட்ட பன்றி விலாவையும் தின்று தீர்க்கக் குடும்பத்தில் ஓட்டு வயது வந்த இருபத்தேழு பேரும் கூடுவார்கள். தின்ற வாயோடு சண்டை போடுவார்கள். கடைசியில் பெனிதா கரண்டியால் பானையைத் தட்டுவாள், எல்லோரும் கை தூக்குவார்கள். கையில் எலும்பு இருந்தால் அந்த ஓட்டு செல்லாது. தின்பதா, நாட்டைப் பார்ப்பதா என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பது பெனிதாவின் சட்டம்.

குவாம் தீவுக்காரர்களுக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் உண்டு, அமெரிக்கப் பட்டாளத்தில் இடம் தாராளமாக உண்டு, அதிபர் தேர்தலில் மட்டும் ஓட்டு இல்லை. இல்லை என்றும் சொல்ல முடியாது. சீட்டு கொடுப்பார்கள், குத்தச் சொல்வார்கள், எண்ணியும் சொல்வார்கள். அமெரிக்காவிலேயே முதலில் விடிகிற ஊர் என்பதால் முடிவும் இங்கேதான் முதலில் வரும். ஆனால் அதை யாரும் எந்தக் கணக்கிலும் சேர்க்க மாட்டார்கள். பெனிதா பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். மூத்தவள் ரெமி ஒஹாயோ மாநிலத்துக்காரன் வெஸ்லியைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடித்தனம் போனபோது, பெனிதா மாப்பிள்ளையிடம் கேட்ட ஒரே சீர் அவனுடைய ஓட்டு. ரெமி தன் ஓட்டை யாருக்கும் தர முடியாது என்று கையை விரித்துவிட்டாள். வெஸ்லி சாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் குடும்பம் போனில் சொன்ன பெயருக்கே குத்தினான். அதற்காகச் சொந்த அப்பாவோடு இரண்டு வருஷம் பேச்சுவார்த்தைகூட இல்லாமல் இருந்தான்.

பெனிதாவுக்கு இது விளையாட்டு இல்லை. மகன் நாசியோ பட்டாளத்தில் இருந்தான். எந்தப் பாலைவனத்தில் இருக்கிறான் என்று அவனாலேயே சொல்ல முடியாது. தன் பிள்ளையை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கிற ஆளை நியமிப்பதில் தனக்கு ஒரு கை இருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். அந்தக் கை வெஸ்லியின் கை.

இந்த வருஷம் ரெமியும் வெஸ்லியும் ஒஹாயோவை மூட்டை கட்டிவிட்டு உமாத்தாக்குக்கே குடிவந்துவிட்டார்கள். பெனிதாவுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் தடவையாக ஓட்டுப்பெட்டி நேரிலேயே உட்கார்ந்து சோறு தின்கிறது.

கரண்டி பானையைத் தட்டியது. பெனிதாவின் தம்பி கிகோ எண்ணினான். ஊர் மேயர் பதவிக்கு நிற்கிறவன் என்பதால் எண்ணுகிற வேலை எப்போதும் அவனுக்குத்தான்.

"பதினாலுக்குப் பதிமூணு," என்றான். "மாப்ள, எழுதிக்கோ."

வெஸ்லி தட்டைக் கீழே வைத்தான். காது நுனி சிவந்திருந்தது.

"அத்த, ஒரு விஷயம். ஒஹாயோலேருந்து லெட்டர் வந்துச்சு. என் பேர எடுத்துட்டாங்க."

"ஏன், நீ என்ன செத்தா போயிட்ட?"

"இங்க பதிஞ்சுட்டேன்ல அத்த. இங்க பதிஞ்சா அங்க போயிடும். இனிமே நானும் உங்கள மாதிரிதான்."

பெனிதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. போன முறை கிகோ மூன்று ஓட்டில் தோற்றிருந்தான். இந்த முறை விடக்கூடாது என்று, விமானத்தை விட்டு இறங்கிய மூன்றாம் நாளே மாப்பிள்ளையை இழுத்துப் போய்ப் பதிவு செய்ய வைத்தவள் அவள்தான். அவன் தாளைப் படிக்கப் பார்த்தபோது, "படிச்சது போதும், கையெழுத்தப் போடு, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்று முதுகில் ஒரு தட்டு வேறு தட்டியிருந்தாள்.

"ஆக, நம்ம பிரசிடெண்ட் ஓட்டக் கொண்டுபோய் உன் மேயர் நாற்காலிக்குக் கால் ஒட்ட வச்சிருக்கேன்," என்று கிகோவைப் பார்த்தாள்.

"நான் என்ன பண்ணேன்க்கா? எனக்கு ஒரு ஓட்டு வந்துச்சு, நான் சந்தோசமாத்தான் இருக்கேன்."

யாரோ களுக்கென்று சிரிக்க, வீடே கெக்கலித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் கிகோவுக்கு யோசனை வந்துவிட்டது. சின்னவள் ஃபினா இருக்கிறாள், இருபத்தாறு வயது, நர்ஸ், கல்யாணம் ஆகவில்லை. இன்னொரு மாப்பிள்ளை பிடித்தால் இன்னொரு ஓட்டு.

"ஆனா ஒஹாயோ வேணாம்க்கா. அது இப்பல்லாம் ஒரே பக்கமா சாஞ்சுகிச்சு. இழுபறியா இருக்கற ஊரா பாக்கணும். பென்சில்வேனியா மாப்பிள்ளைன்னா கண்ண மூடிட்டுக் கட்டிக் குடுக்கலாம்."

"அரிசோனாவும் நல்ல இடம்தான்," என்றாள் ஒரு சித்தி.

ஜாதகம் பார்ப்பதுபோல் மாநிலம் பார்த்தார்கள். எப்போதும் ஒரே பக்கம் சாய்கிற கலிபோர்னியாவைச் சொன்னவனைத் திட்டி உட்கார வைத்தார்கள். விஸ்கான்சினில் குளிர் அதிகம், பெண் வாடிவிடுவாள். பையன் குடிப்பானா, வேலை உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜார்ஜியாவா அரிசோனாவா என்று ஏறக்குறைய அடிதடி ஆகிற நேரத்தில் ஃபினா எழுந்து நின்றாள்.

"அரிசோனா," என்றாள்.

"பையன் இருக்கானா?" கிகோவின் முகம் மலர்ந்தது.

"பையன் எதுக்கு மாமா? நானும் சிட்டிசன்தானே. இங்கேருந்து பிளேன் ஏறி அங்க போய் இறங்கினா எனக்கே ஓட்டு வந்துடும். அங்க ஒரு ஆஸ்பத்திரில வேலை கெடச்சிருக்கு. ரெண்டு மாசமாச்சு. சொல்லத்தான் பயமா இருந்துச்சு."

பெனிதா கையிலிருந்த விலா எலும்பையே பார்த்தாள். மூத்தவள் வந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை, அதற்குள் சின்னவள் கிளம்புகிறாள்.

"எவ்ளோ நாளைக்கு?" என்றாள்.

"இந்தத் தேர்தலுக்கு இனிமே பதிய முடியாதும்மா. அடுத்ததுக்குத்தான். நாலு வருஷம்."

"நீ போறது வேலைக்கா, ஓட்டுக்கா?"

"ரெண்டுக்கும்தான். நாசியோவ எங்க அனுப்புறாங்கன்னு எனக்கும்தான் தூக்கம் வரல."

இதற்கும் ஓட்டெடுப்பு நடத்தலாம் என்று யாரோ சொன்னார்கள். அந்த வீட்டுக்கு வேறு வழி தெரியாது. ஃபினா சம்பந்தப்பட்டவள், அவளுக்கு ஓட்டு இல்லை. வெஸ்லிக்கு உண்டா என்று கேள்வி வந்தது. இத்தனை வருஷம் அவன் பெட்டி, பெட்டிக்கு ஓட்டு கிடையாது. இப்போது அவன் பெட்டி இல்லை என்பதால் உண்டு என்று கிகோ தீர்ப்புச் சொன்னான்.

பானை தட்டப்பட்டது. போகட்டும் என்று பதிமூன்று கைகள் உயர்ந்தன, ரெமியின் கை முதலாவது. வேண்டாம் என்று பன்னிரண்டு. வெஸ்லி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்கிற பக்கம் கையைத் தூக்கினான்.

"அங்க ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க அத்த," என்றான். "பன்னெண்டு வருஷம் பாத்துட்டேன்."

ரெமி அவன் தொடையில் கிள்ளினாள். அவன் கையை இறக்கவில்லை.

"பதிமூணுக்குப் பதிமூணு," என்றான் கிகோ. "அக்கா, நீதான் பாக்கி."

எல்லோரும் பெனிதாவைப் பார்த்தார்கள். ஐம்பத்தெட்டு வயது வரை ஒரு தேர்தல் விடாமல் வரிசையில் நின்று, எதையும் தீர்மானிக்காத சீட்டைக் குத்திவிட்டு வந்தவள் அவள். தீர்மானிக்கிற ஓட்டு ஒன்று, ஒன்றே ஒன்று, தன் கைக்கு வர வேண்டும் என்று அன்னை மரியாளிடம் நேர்ந்துகொண்டதுகூட உண்டு. இப்போது அது வந்திருந்தது. கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று இருந்தது. இல்லை என்று கை தூக்கினால் பெண் வீட்டில் இருப்பாள். இருந்து, தன்னைப் போலவே வரிசையில் நின்று, தன்னைப் போலவே வெறுஞ்சீட்டைக் குத்துவாள். இந்த மாதிரி ஓட்டைத்தான் மற்றவர்கள் சர்வசாதாரணமாகப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போகிறார்களா என்று ஆச்சரியமாக இருந்தது.

"சீக்கிரம்க்கா, கையில எலும்பு இருக்கு, செல்லாது," என்றான் கிகோ.

பெனிதா எலும்பைத் தட்டில் வைத்தாள். இரண்டு கையையும் துடைத்துக்கொண்டாள், விரல் விரலாக. பிறகு வலது கையைத் தூக்கினாள்.

"போகட்டும்," என்றாள்.

"பதினாலு," என்றான் கிகோ.

"ஆனா யாருக்குப் போடணும்னு நாங்கதான் சொல்லுவோம். போன் பண்ணுவோம்."

ஃபினா வந்து அம்மாவின் கையைப் பிடித்து, மூக்கை அதில் வைத்து முகர்ந்தாள். பெரியவர்களை அப்படித்தான் வணங்குவார்கள்.

"பண்ணும்மா. தினமும் பண்ணு. ஆனா ஓட்ட நான் பாத்துக்கறேன்."

வீடு மறுபடி வெடித்துச் சிரித்தது. வெஸ்லிதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான். இப்படி ஒரு பதில் இருக்கிறது என்று பன்னிரண்டு வருஷமாகத் தனக்குத் தோன்றவே இல்லையே என்று ரெமியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். பெனிதாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் எழுந்து போய் அலுமினியத் தாளை நீளமாகக் கிழித்து, விலாத் துண்டுகளையும் சிவப்புச் சோற்றையும் அதில் வைத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, பிளேனுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு," என்றாள் ஃபினா.

"இருக்கட்டும்," என்றாள் பெனிதா, இன்னொரு தாளைக் கிழித்தபடி.