ஐந்து சதுரத்தில் ஒரு நாய்

அடிபட்ட தெருநாய்களைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தியம் பார்க்கிற குழு ஒன்றை ஆவடியில் வித்யா என்கிற பெண் நடத்துகிறாள். கொட்டகைக்கு நிதி சேர்க்க நாய்ப் படம் போட்ட ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றை ஏலம் விடப் போகிறேன், தைத்துத் தாருங்கள் ஆன்ட்டி என்று கேட்டாள். எனக்கு நாய் என்றாலே ஆகாது. ஆனால் தையல் வேலைக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. தலையாட்டிவிட்டேன்.

எங்கள் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டேன். நீங்கள் சோறு போடும் நாயைப் பழைய துணியில் வெட்டி, ஒரு சதுரத்தில் தைத்துக் கொடுங்கள் என்று. மாதிரிக்கு நான் தைத்த சதுரத்தையும் படம் பிடித்துப் போட்டேன். அதில் இருந்தது தம்பி, என் வீட்டுக்காரர் இராமகிருஷ்ணன் வளர்க்கிற நாய். வளர்க்கிறார் என்றால், சாயங்காலம் அவர் வேலை விட்டு வரும்போது கேட்டில் காத்திருக்கும், அவர் கையால் தயிர்சோறு தின்னும், அப்புறம் எங்கேயோ போய்விடும். அவ்வளவுதான்.

மாதக் கடைசியில் அவர் ரிட்டயர் ஆகிறார். முகப்பேரில் வாங்கின ஃப்ளாட்டுக்குப் போகிறோம். நான் இல்லாவிட்டால் அவன் பட்டினி கிடப்பான், கூட்டிக்கொண்டு போயே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஃப்ளாட் சங்கத்துக்கு நடையாய் நடந்து அனுமதியும் வாங்கிவிட்டார். இதற்காக நாங்கள் போட்ட சண்டை பக்கத்து பிளாக் வரைக்கும் கேட்டிருக்கும்.

சதுரங்கள் வர ஆரம்பித்தன. கறுப்பு, வெள்ளை, புள்ளி போட்டது என்று விதவிதமாய். நாலு மட்டும் அச்சு அசல் நான் தைத்த சதுரம் போலவே. காக்கி உடம்பில் வியப்பில்லை, இங்கே எல்லார் வீட்டிலும் கிழிந்த யூனிஃபார்ம் பேண்ட் உண்டு. ஆனால் நுனி அறுந்த இடது காதுமா? ஒரு முன்னங்கால் மட்டும் வெள்ளையுமா? மார்கழியில் நான் போடுகிற கோலம் மறுநாள் நாலு வாசலில் இருக்கும். அந்தப் புத்திதான் இது என்று சுர்ரென்று ஏறியது. கேட்டே விடுவது என்று கிளம்பினேன்.

பின்வரிசை ஜமீலா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அது எங்கள் சுல்தான், மத்தியானம் கோழி வாசனை வந்தால் வந்து நிற்பான், மாதிரிப் படத்தில் நீங்களே அவனைப் போட்டீர்கள் என்றல்லவா சந்தோஷப்பட்டோம் என்றாள். ஜஸ்டின் வீட்டில் அவன் டைசன். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு முன்னாலேயே சர்ச்சுக்குப் போய் வாசலில் படுத்திருப்பானாம். எனக்குக் கோபம் போய் வேறு ஒன்று பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் தின்றுவிட்டு அவன் எங்கேதான் போகிறான்? மூன்றாவது சதுரம் தைத்த சபீனா வீட்டுக்காம். அவள் மகள் படித்து முடிக்கிறவரை காலடியில் கிடப்பானாம். அப்படியானால் காலையில்?

காலையில் கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிற வேம்புலியிடம் பன். நாலாவது சதுரம் வேம்புலியின் மனைவி தைத்தது. அவர்களுக்கு அவன் நைனா. நான் சொன்னதை வேம்புலியால் நம்ப முடியவில்லை.

"இன்னாக்கா சொல்றே, நைனா அல்லார் ஊட்லயும் துன்னுகினு கீறானா? நா இல்லன்னா செத்துருவான்னு ஊருக்குக்கூட போவாம கீறேன்க்கா."

வீட்டுக்கு வந்து ஐந்து சதுரங்களையும், காலை டீக்கடையில் தொடங்கி அவன் போகிற வரிசையில், கூடத்தில் பரப்பினேன். இவர் வந்ததும் பார்த்துவிட்டு, தம்பியை மட்டும் எதற்கு இத்தனை தடவை தைத்தாய் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில்தான் சொன்னேன்.

தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு சதுரமாய் விசாரித்தார். இது யார் வீடு, என்ன பேர், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா? கோழி என்றதும் அந்தச் சதுரத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருஷமாய்த் தயிர்சோறு போட்டவர்.

"அப்போ அவன் பசிக்கு வரல அகல்யா. வயிறு ரொம்பிக்கூட என்னைப் பார்க்க கேட்ல வந்து நின்னிருக்கான்."

கையிலிருந்த சதுரத்தை வரிசையிலேயே திரும்ப வைத்தார்.

"அவனுக்கு இங்கே இத்தனை வீடு இருக்கு. இங்கேயே இருக்கட்டும். நாம மட்டும் போலாம்" என்றார்.

சண்டையில் ஜெயித்தது நான்தான். ஐந்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத் தைக்கலாம் என்று ஊசியை எடுத்தேன். கண் நிறைந்துபோய் நூல் கோர்க்க முடியவில்லை. இப்படிக் கொடு என்று அவர் வாங்கிக்கொண்டார். அவராலும் முடியவில்லை.