தங்கச்சி ஓடக்கூடாது

அம்மா அப்பா போன பிறகு அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அக்காவுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. தங்கை ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா.

கடைவீதிக்காரர்கள் சேர்ந்து ஒரு ஓட்டப்பந்தயம் வைத்தபோது அக்காதான் இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்தாள். அன்று காலை பனி கொட்டியது. வரிசையில் நிற்கும்போதே தங்கைக்கு நெஞ்சு இறுகியது. இன்ஹேலரை எடுத்தாள்.

"எல்லாரும் பாக்கறாங்கடி. ஓட ஆரம்பிச்சா தானா சரியாயிடும், குடு" என்று அக்கா அதை வாங்கித் தன் கைப்பையில் போட்டாள். பையை அங்கேயே ஒருவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓடினார்கள்.

பாலம் தாண்டியதும் தங்கை நடைபாதையில் சரிந்தாள். உதடு நீலமாகிவிட்டது. யாரோ ஒருவர் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதால் பிழைத்தாள்.

அதன்பிறகு அக்கா ஆளே மாறிப்போனாள். தங்கையின் ஓட்டக் காலணியை யாருக்கோ கொடுத்துவிட்டாள். பால்காரரில் இருந்து மாடி வீட்டுக்காரி வரை, கேட்காதவர்களிடம்கூட, "தங்கச்சி ஓடக்கூடாது" என்றாள். தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்க விடவில்லை. தங்கையும் சொன்னபடி உட்கார்ந்தே இருந்தாள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது உடம்பு பருத்தது. இரண்டு படி ஏறினாலே மூச்சு இளைத்தது.

ஆஸ்துமாவுக்குப் பார்க்கும் மருத்துவர் தங்கையைத் திட்டினார். "சும்மா உக்காந்தே இருந்தா நுரையீரல் எப்படி தேறும்? தாராளமா ஓடுங்க. ஆனா ஓடறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி இன்ஹேலர் எடுத்துக்கணும். முதல்ல மெதுவா நடந்து உடம்பைச் சூடாக்குங்க. குளிரு, தூசி, சளி இருந்தா வெளியே போக வேணாம். இருமல் வந்தா அங்கேயே நின்னுடணும். மருந்து கையில இல்லாம வாசல் தாண்டாதீங்க."

தங்கை புதுக் காலணியோடு வீட்டுக்கு வந்தாள். அக்கா பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எங்கடி போய் முட்டிக்கறது?"

"டாக்டர் சொன்னதை எல்லாம் செய்யறேன்க்கா. நீயும் கூட வாயேன்."

"நான் வர மாட்டேன்." அக்கா பெட்டியை மூடினாள். "நீ விழுந்து கிடந்தது இன்னும் கண்ணுல நிக்குது. மருந்தை வாங்கிப் பையில வெச்சது நான்தானே."

"அதை நான் ஒரு நாளாவது சொல்லிக் காட்டியிருக்கேனா?"

"சொல்லியிருந்தா தேவலைடி."

மறுநாள் காலை தங்கை தனியாகவே போனாள், கூரை போட்ட விளையாட்டரங்கத்துக்கு. மருந்தை எடுத்துக்கொண்டு, நெடுநேரம் நடந்து, பிறகு மெல்ல ஓடினாள். மூன்றாவது சுற்றில் இருமல் வந்தது. நின்றாள். பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து மறுபடி மருந்தை இழுத்தாள். நெஞ்சின் இறுக்கம் மெதுவாகத் தளர்ந்தது. பக்கத்தில் பந்து விளையாடியவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று அதற்கு மேல் ஓடவில்லை.

இதை அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று வேகமாக வீட்டுக்கு வந்தாள். வீடு பூட்டியிருந்தது. கடை திறக்க இன்னும் நேரம் இருந்தும் அக்கா கிளம்பிப் போயிருந்தாள். அடுப்பங்கரையில் காலைச் சாப்பாடு ஒருத்திக்கு மட்டும் மூடி வைத்திருந்தது.

மறுநாளும் அப்படித்தான். அதன்பிறகு தங்கை கிளம்புவதைப் பார்க்க முடியாமல் அக்கா அவளுக்கும் முன்னால் எழுந்து போய்விடுவாள். மாதம் போகப்போகத் தங்கைக்கு மாடிப்படி ஏற இளைப்பது குறைந்தது. காலையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது மட்டும் நின்றே போனது.