மூத்த வீட்டுக்காரி

ரோனா அந்தக் காகிதச் சுருளை என் சாப்பாட்டு மேசைமேல் விரித்தபோது அதன் ஒரு முனை வெண்ணெய்த் தட்டில் போய் விழுந்தது. அதை எடுத்துத் துடைத்தவளும் நான்தான். மேசையை விட நீளமான காகிதம். உச்சியில் எங்கள் எல்லாருக்கும் மூதாதையான லாக்லன் கில்லிஸ், ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி கனடாவின் இந்தக் கேப் பிரெட்டன் கரையில் 1816இல் இறங்கியவர். அவருக்குக் கீழே அவர் மகன்கள் நீல், அலஸ்டர், பிறகு கிளைகிளையாக நாங்கள்; நான் நீல் வழி, ரோனா அலஸ்டர் வழி. என் பெயர் ஓரத்தில், வெண்ணெய் பட்ட இடத்தில் இருந்தது.

"அக்கா, இங்க பாருங்க. அலஸ்டருக்கு ஞானஸ்நானம் 1811. உங்க நீலுக்கு 1814. ஸ்காட்லாந்து சர்ச்சோட பழைய பதிவே கிடைச்சிடுச்சு. எங்க அலஸ்டர்தான் மூத்தவர்," என்றாள்.

நல்ல குரல் அவளுக்கு. எதைச் சொன்னாலும் பரிசு கொடுப்பதுபோல் இருக்கும். குடும்பக் கூடுகைக்குத் தலைவனான என் சித்தப்பா மகன் ரனால்ட், மூக்குக் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தான். "அட, இத்தனை தலைமுறையா தப்பாவா சொல்லிட்டு வந்திருக்கோம்?" என்றான். பிறகு என் பக்கம் திரும்பாமலே, என் ஓட்ஸ் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே, "அப்ப இந்தச் சனிக்கிழமை ரோனாவே சொல்லட்டும். என்ன மர்டீனா?" என்றான்.

என்ன மர்டீனாவாம். அடி வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியவனுக்கு நான் இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

ஒவ்வொரு ஜூலையும், லாக்லன் நினைவாகக் கரையோரம் அடுக்கிய கற்குவியலுக்கு முன் கில்லிஸ்கள் எல்லாரும் கூடுவோம். மூத்த மகன் வழி வந்த வீட்டிலிருந்து ஒருவர் முன்னால் நின்று, தன் பெயரில் தொடங்கி, தகப்பன், அவர் தகப்பன் என்று லாக்லன்வரை எங்கள் முன்னோர் பேசிய கேலிக் மொழியில் பெயர்களைச் சொல்ல வேண்டும். கையில் காகிதம் கூடாது. அதைச் சொல்லி முடித்த பிறகுதான் சாப்பாடு. மூத்த வீடு நீல் வழியான எங்கள் வீடு என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தோம். என் அப்பா ஆங்கஸ் சொன்னார். அப்பாவுக்குப் பின் அண்ணன் ஹெக்டர் சொன்னான். ஹெக்டர் போன குளிர்காலத்தில் போய்விட்டான். இனி நான்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான். பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும்போதெல்லாம் இந்த வசந்தம் முழுக்க அந்தப் பெயர்களை உரக்கச் சொல்லிப் பழகியிருந்தேன். பெயர் சொல்லி ஊர் என்னைத் திரும்பிப் பார்க்கப்போகும் ஒரே நாள் அது.

டொராண்டோவிலிருந்து இந்த ரோனா வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்குள் ஊர் இவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது. யாருடைய பாட்டனின் கல்யாணப் பதிவாக இருந்தாலும் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவாள். எனக்கு ஏணியைத் திருப்பித் தராத ரனால்ட் இவள் வீட்டு வாசல் பனியை வாரிக் கொட்டுகிறான். என்னைவிடப் பத்து வயது சின்னவள், கேலிக் மொழியை வகுப்பில் படித்தவள், என்னைவிட நன்றாகப் பேசுகிறாள். எனக்கு வயிற்றெரிச்சல்தான், ஒளிப்பானேன்.

"அம்மா பக்கம் எனக்கு ஒண்ணுமே இல்ல," என்றாள் சுருளைச் சுற்றிக்கொண்டே. "அவங்க ஐரிஷ்காரங்க. டப்ளின்ல ஆவணக் கட்டடம் எரிஞ்சப்ப அவங்களப் பத்தின குடிக்கணக்கெல்லாம் சாம்பலாப் போச்சு. எனக்குன்னு இருக்கிறது இந்தப் பக்கம் மட்டும்தான்." ரனால்ட் உச்சுக்கொட்டினான். ஐயோ பாவம் என்று எனக்கும் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அவர்கள் போன பிறகு பாத்திரங்களை உடைக்காத குறையாகக் கழுவிக்கொண்டிருந்தேன். என் கணவர் டூகல் துடைக்கும் துணியோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தத் தட்டு என்ன பாவம் பண்ணுச்சு?"

"நீங்க பேசாம இருங்க."

"அலஸ்டர் மூத்தவன்னா மூத்தவன், விட்டுத் தொலையேன். பேர் சொல்ற வேலைதானே. செத்துப்போனவங்க வந்து எனக்குப் பங்கு குடுன்னு கேக்கவா போறாங்க?"

கையிலிருந்த கோப்பை அப்படியே நின்றுவிட்டது. செத்துப்போனவங்க. எனக்குப் போய் இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை?

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. முதல் மகனுக்கு அப்பாவின் தகப்பன் பெயர், முதல் மகளுக்கு அம்மாவின் தாய் பெயர் என்று வரிசையாக வைப்பார்கள். அந்தப் பிள்ளை செத்துவிட்டால் பெயரைச் சாக விடமாட்டார்கள், அடுத்துப் பிறப்பதற்கு அதே பெயரை வைத்துவிடுவார்கள். இது தெரியாதவர்கள் பழைய பதிவில் ஒரு ஞானஸ்நானத்தைப் பார்த்ததும், அந்தக் குழந்தைதான் வளர்ந்து கல்யாணம் செய்து தங்களைப் பெற்றது என்று குதிப்பார்கள். எனக்குத் தெரியும். ஏனென்றால் நான் இரண்டாவது மர்டீனா. முதல் மர்டீனா, என் அக்கா, மூன்று வயதில் காய்ச்சலில் போனாள். அடுத்த வருடம் நான் பிறந்தேன். அவள் பெயரைக் கொடுத்தார்கள், அவள் சட்டைகளையும் கொடுத்தார்கள்.

ஞாயிறுதோறும் அம்மா கரையோரக் கல்லறைத் தோட்டத்தில் அவளிடம் போய் மண்டியிடுவாள். என்னை வேலிப் பக்கம் விளையாட விட்டுவிடுவாள். அங்கே சாய்ந்து கிடந்த ஒரு கடற்கரைக் கல்லின்மேல் உட்கார்ந்து, அதில் வெட்டியிருந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டிருப்பேன். வாசிக்க முடியாதபடி தேய்ந்த எழுத்துகள். முதல் எழுத்து மட்டும் புரியும். 'அ'.

லாக்லன் வந்திறங்கிய காலத்தில் இங்கே சர்ச்சும் கிடையாது, பாதிரியாரும் கிடையாது. அப்போது ஒரு பிள்ளை செத்திருந்தால் எந்தப் பதிவிலும் இருக்காது, கல்லில் மட்டும்தான் இருக்கும்.

தேய்ந்த கல்லை வாசிக்க ஒரே வழி, முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் அதன்மேல் விழச் செய்வது. ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் வாசிக்க வேண்டும். டூகல், முட்டி வலி என்று கையை விரித்துவிட்டார். நான் ரோனாவையே கூப்பிட்டேன். அவள் வாயாலேயே அதை வாசிக்க வேண்டும், அந்த முகம் தொங்குவதை நான் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அதற்குத்தான் கூப்பிட்டேன்.

உடைத்துப் போட்ட பழைய பேருந்து ஒன்றின் பக்கக் கண்ணாடி எங்கள் கொட்டகையில் கிடந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு போனோம். வேலியோரப் புல்லை விலக்கி, நான் கண்ணாடியைச் சாய்த்தேன். வெளிச்சம் கல்லின் ஓரத்தில் பட்டதும் எழுத்துகள் ஒவ்வொன்றாக நிழல் கட்டி எழுந்தன. ரோனா முழங்காலிட்டு விரல் வைத்து வாசித்தாள்.

"அலஸ்டர்... லாக்லன் மகன்... அஞ்சு வயசு... ஜனவரி, ஆயிரத்து எண்ணூத்திப் பதினேழு." விரல் அங்கேயே நின்றது. அவளுடைய அலஸ்டர் எண்பது வயதுவரை வாழ்ந்தவர். "அப்ப எங்க அலஸ்டர்?"

"இவன் செத்தப்புறம் பொறந்தவன். நீலுக்குத் தம்பி," என்றேன். இதையும் முன்கூட்டியே சொல்லிப் பார்த்துப் பழகியிருந்தேன்.

அவள் முகம் தொங்கவில்லை. புல்லிலேயே உட்கார்ந்து அந்தக் கல்லின் தலையைத் தடவினாள். "அந்த ஞானஸ்நானத்தைப் பாத்துட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமாக்கா. கப்பல்ல அவ்வளவு தூரம் வந்துட்டு, முதல் குளிர்லயே போயிட்டானா." கல்லிலிருந்து கையை எடுக்காமலே, "சனிக்கிழமை நீங்கதான் சொல்லணும். ரனால்ட் அண்ணன்கிட்ட நானே பேசிடறேன்," என்றாள்.

தோற்கக்கூட அழகாகத் தெரிந்திருக்கிறது பாருங்கள் இவளுக்கு. நான் கேட்டது கைக்கு வந்துவிட்டது. வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். இன்னும் எரிந்தது.

"அந்த ரெண்டாவது பிள்ளைக்கு எப்படிக்கா இருந்திருக்கும்? செத்த அண்ணனோட பேர வச்சுக்கிட்டு வளர்றது?"

"பொறாமையா இருக்கும்," என்றேன். இவ்வளவு வேகமாகச் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை. "அம்மா பேர் சொல்லிக் கூப்பிடுவா. நாம ஓடிப் போய் நிப்போம். அவ கண்ணு முதல்ல நம்ம பின்னாடி வேற யாரையோ தேடும். அப்புறம்தான் நம்மளப் பாக்கும். சண்டை போடலாம்னா முன்னாடி பொறந்தவ மண்ணுக்குள்ள இருக்கா. அவ எந்தத் தப்பும் பண்ணல. மூணு வயசுலயே நின்னுட்டா, எப்படிப் பண்ணுவா?"

முகவாயால் காட்டினேன். சற்றுத் தள்ளி, உச்சியில் ஆட்டுக்குட்டி செதுக்கி, மர்டீனா என்று பெயர் வெட்டிய வெள்ளைக் கல். ரோனா அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுந்து என் கையிலிருந்து கண்ணாடியை வாங்கிக்கொண்டாள்.

"கை வலிக்கும், குடுங்க. பேரெல்லாம் ஒரு தடவை சொல்லிக் காட்டுங்கக்கா. சனிக்கிழமை தடுமாறக் கூடாதில்ல."

அப்பா நிற்பதுபோல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றேன். கேலிக்கில், கணீரென்று ஆரம்பித்தேன். மர்டீனா, ஆங்கஸின் மகள், ஆங்கஸ், டானல்டின் மகன், டானல்ட் என்று தலைமுறை தலைமுறையாக அடுக்கி நீல்வரை வந்துவிட்டேன். லாக்லன்தான் பாக்கி. அப்போதுதான் கண்ணாடி வெளிச்சம் வெள்ளைக் கல்லின்மேல் போய் நிற்பதைக் கண்டேன். நான் சொன்னதில் ஒரு சொல்கூட அக்காவுக்குப் பொருந்தாமல் இல்லை. அதே மர்டீனா, அதே ஆங்கஸின் மகள். மூத்தவர் யார் என்று கேட்டுத்தானே இத்தனை தூரம் வந்தேன். எங்கள் வீட்டு மர்டீனாக்களில் மூத்தவள் அவள்தான்.

"லாக்லன்," என்று ரோனா மெல்ல எடுத்துக் கொடுத்தாள். எனக்குச் சொல்ல வரவில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை. வெயில் இறங்க இறங்க, வெளிச்சம் அந்தப் பெயரை விட்டு நகராதபடி கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.