விளக்கு எரிந்தது

அந்த வீட்டில் ஒரு விளக்குக்கு இரண்டு பொருள் இருந்தது. மனைவி ஒன்று சொன்னாள். கணவன் வேறொன்று சொன்னான். இருவரும் அதை வேடிக்கை என்றெண்ணிச் சிரித்தார்கள். அவர்களுக்கு நடுவே அமர்ந்து மூன்றாவதாகச் சிரித்தவனுக்குத்தான் முழங்கால் நொறுங்கிற்று.

மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுப்பவள். தெரு முழுவதும் அவளை டீச்சர் என்றே அழைத்தது. கணவன் கல்குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிச் செல்லும் லாரியின் ஓட்டுநர். அவளுடைய தம்பி மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் பார்சல் கொண்டு கொடுப்பவன். அக்கா வீட்டில் சாப்பாடு, மாடியறையில் படுக்கை.

"வலது சிக்னல் போட்டா வலது பக்கம் திரும்பப் போறேன்னு அர்த்தம். இதுல என்னங்க வழக்கு?" என்பாள் அவள், சோற்றைப் பரிமாறிக்கொண்டே.

"அது உன் பள்ளிக்கூடத்து அர்த்தம்" என்பான் கணவன். "ரோட்டுல அதுக்கு, 'எதிர்ல யாரும் வரலை, தாண்டிப் போ ராசா'ன்னு அர்த்தம். பின்னாடி வர்றவனுக்கு என் லாரி ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு நான் சொன்னாத்தானே அவனுக்குத் தெரியும்?"

"அப்ப நிஜமாவே திரும்பும்போது?"

"கையை வெளிய நீட்டுவேன். விளக்குன்னா போ, கைன்னா நில்லு. இதைப் புரிஞ்சுக்க உனக்கு எத்தனை வகுப்பு வேணும் டீச்சர்?"

தம்பி தட்டிலிருந்து தலை தூக்க மாட்டான். "அக்கா, உன் புத்தகத்தை நம்பி மாமா பின்னாடியே ஊர்ந்தா, இந்த வருஷத்துப் பார்சலை அடுத்த வருஷம்தான் குடுப்பேன்."

"அப்படிச் சொல்லு மாப்ளே!" என்று கணவன் அவன் முதுகில் தட்டுவான்.

அந்த ஏற்பாட்டில் அன்பு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. தூசி கிளம்பும் சாலையில், தன் பின்னால் திணறி வரும் மனைவியின் தம்பிக்கு வழி காட்டும் விளக்கு அது. ஆனால் அன்பு சட்டமாகிவிடுமா? ஒருவன் மனத்தில் ஒரு பொருளும் அடுத்தவன் மனத்தில் ஒரு பொருளுமாகச் சிமிட்டும் வெளிச்சத்தை விளக்கு என்பதா, பொறி என்பதா? அந்தக் கேள்வியை அந்த வீட்டில் எவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவளும் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விபத்து நடந்த காலை, தம்பி குவாரிச் சாலையில் லாரியைப் பிடித்தான். கண்ணாடியில் அவனைக் கண்ட மாமா வலது விளக்கைப் போட்டார். அவன் தாண்டினான். ஒரு வீட்டில் நின்று பார்சலைக் கொடுத்தான். அதற்குள் லாரி முன்னே போய்விட, மறுபடி பிடித்தான். மறுபடி விளக்கு, மறுபடி தாண்டினான், தாண்டும்போது கையசைத்தான், உள்ளிருந்து மாமாவும் கையசைத்தார். அடுத்த வீட்டில் நின்றான். அப்போதுதான் மழை பிடித்தது.

மழை பிடித்ததும் லாரிக்காரன் கதவுக் கண்ணாடியை ஏற்றிவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. கல் உடைக்கும் கிரஷருக்குப் போகும் கிளைச் சாலை வந்தது. வலது பக்கம் திரும்ப வேண்டும். விளக்கைப் போட்டான். கையை நீட்டவில்லை, கை நனையும். லாரியின் பின்புறம் சேறு அப்பிக் கிடந்தது. பிரேக் விளக்கு எரிந்ததா இல்லையா என்று கண்டவர் இல்லை. சேற்றுக்கு நடுவே மஞ்சள் விளக்கு ஒன்று மட்டும் சிமிட்டியது. பின்னால் வந்த தம்பி அதைக் கண்டான். தன் வண்டியிலும் வலது விளக்கைப் போட்டான், தாண்டுகிறேன் என்பதற்கு அடையாளமாக. இரண்டு விளக்குகளும் ஒரே பக்கம், ஒரே தாளத்தில் சிமிட்டின. ஒன்று திரும்புகிறேன் என்றது. மற்றது வருகிறேன் என்றது. அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே ஒரு முழங்கால் இருந்தது.

விசாரணை, போக்குவரத்து அலுவலகத்தின் நீண்ட அறையில் நடந்தது. சுவரில் சாலைக் குறியீடுகளின் வண்ணப்படம் தொங்கியது. லாரி முதலாளி வண்டியைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். பின்விளக்குகள் அத்தனையும் புதுப்பெண்ணின் கம்மல் போல மின்னின.

தம்பி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் இருந்தான். அவன் மேல் தப்பு என்று முடிவானால் அவனுடைய உரிமம் ரத்தாகும். கால் தேறினாலும் பார்சல் வேலை திரும்பக் கிடைக்காது. அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"திரும்பும்போது சிக்னல் போட்டியாப்பா?" என்று அதிகாரி லாரிக்காரனைக் கேட்டார்.

"போட்டேங்க. விளக்கு எரிஞ்சதுங்க."

அதிகாரி தம்பியின் பக்கம் திரும்பினார். "எரிஞ்சதை நீ பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"பாத்துமா தாண்டினே?"

"போகச் சொன்னுச்சு சார்."

"யாரு?"

"விளக்கு."

அறையில் சிரிப்பு எழுந்தது. "பேசற விளக்கா? நம்ம ஆபீசுக்கும் ஒண்ணு வாங்கிப் போடணும்" என்றார் மூலையிலிருந்த எழுத்தர்.

தம்பி சிரிக்கவில்லை. "மாமா, நீங்க சொல்லுங்க. அன்னிக்குக் காலையிலேயே ரெண்டு தடவை போட்டீங்களே. நான் தாண்டினப்ப கைகூட ஆட்டினீங்களே."

மாமா தரையைப் பார்த்தார். முதலாளி தொண்டையைச் செருமினார். டீச்சர் எழுந்தாள்.

"நீங்க யாரும்மா?"

"அவனுக்கு அக்கா. இவருக்குச் சம்சாரம். டிரைவிங் சொல்லிக் குடுக்கறேன்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. நீங்களே சொல்லுங்க. வலது சிக்னலுக்கு என்ன அர்த்தம்?"

எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்! நாக்கு அதைத் தானாகவே சொல்லிற்று. "வலது பக்கம் திரும்பறேன்னு அர்த்தம் சார். ஆனா…"

"ஆனா என்னம்மா?"

"ஆனா இவர் அதைத் தாண்டிப் போன்னு சொல்றதுக்குத்தான் போடுவார். இவர் மட்டுமில்லை, அந்த ரோட்டுல ஓடற எல்லா லாரியும். திரும்பறதுன்னா கையை நீட்டுவாங்க. அன்னிக்கு மழை, கை நீட்டலை. இவரையே கேளுங்க சார்."

"புருஷனையே மாட்டிவிடற டீச்சரை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார் முதலாளி, மெதுவாக. ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி.

அதிகாரி லாரிக்காரனைப் பார்த்தார். "அப்படியாப்பா?"

ஒரே ஒரு சொல் போதும். ஆமாம் என்ற சொல். அதைச் சொன்னால் பழி பாதியாகும். தம்பியின் உரிமம் தப்பும். ஆனால் தன் உரிமத்துக்கு ஆபத்து வரும். முதலாளியின் முகம் சுளிக்கும். அவன் மனைவியைப் பார்க்கவில்லை, ஊன்றுகோலைப் பார்க்கவில்லை, சுவரில் தொங்கிய வண்ணப்படத்தைப் பார்த்துச் சொன்னான்:

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லைங்க. தம்பி மேல பாசம், பேசறா."

முடிவு அன்றே சொல்லப்பட்டது. திரும்பும் வாகனத்தைத் தாண்ட முயன்றது இரு சக்கர வாகன ஓட்டியின் குற்றம். உரிமம் ரத்து. அதிகாரி பொய் சொல்லவில்லை. சட்டம் பொய் சொல்லவில்லை. லாரிக்காரன்கூட முதலில் சொன்னது மெய்தான். மெய்களாக அடுக்கி ஒரு கொடுமையைக் கட்டி முடித்தார்கள். அதில் ஒரு செங்கல்லை அவளும் எடுத்துக் கொடுத்திருந்தாள்.

வீட்டில் அவள் கேட்டாள்: "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நான் என்ன பொய் சொன்னேன்? விளக்கு எரிஞ்சது."

"அதைக் கேக்கலை. அப்படியெல்லாம் ஒண்ணுமில்லைன்னீங்களே, அதைக் கேக்கறேன்."

"என் லைசென்சும் போயிருந்தா மூணு பேரும் எதைத் திங்கறது? மாப்ளையை நான் பாத்துக்க மாட்டேனா?"

மாடிப்படி ஏற முடியாமல் கூடத்திலேயே படுத்திருந்த தம்பி கண்ணைத் திறக்காமல் சொன்னான்: "பாத்துக்குவார் அக்கா. கண்ணாடியில பாத்துக்குவார்."



அடுத்த வாரம் டீச்சர் பயிற்சிக் காரில், ஓட்டப் பழகும் தையல்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குவாரிச் சாலைக்கு வந்தாள். நடு வயதைக் கடந்தவர்; துணியை வெட்டும் கை, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது. முன்னால் ஒரு லாரி. எண்ணைப் பார்க்காமலே அது யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. கழுவிய பளபளப்பு போய்ப் பழைய சேறு திரும்பி ஏறியிருந்தது. அந்தச் சேற்றுக்கு நடுவே மஞ்சள் விளக்கு சிமிட்டியது. வலது.

தையல்காரர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். "டீச்சர், போகச் சொல்றாரு. தாண்டிடட்டுமா?"

அவள் திடுக்கிட்டாள். "யாரு உங்களுக்கு அப்படிச் சொல்லிக் குடுத்தது?"

"இதை யாராவது சொல்லிக் குடுக்கணுமா? ஊருக்கே தெரியுமே!"

ஊருக்கே தெரிந்தது! அதிகாரிக்குத் தெரியாது, எழுத்தருக்குத் தெரியாது, சொல்ல வேண்டியவனுக்கு நாக்கே இல்லை. ஆனால் ஊசி பிடிக்கும் கைக்குத் தெரிந்திருந்தது.

"தாண்டாதீங்க. அவர் வலது பக்கம் திரும்பப் போறார்."

தையல்காரர் எட்டிப் பார்த்தார். "வலது பக்கம் ரோடே இல்லையே டீச்சர். வெறும் பள்ளம்."

"விளக்கு எரியுது. பின்னாடியே போங்க."

லாரியின் வேகம் குறைந்தது. விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது: போ, போ, போ. காரின் பின்னால் வாகனங்கள் சேர்ந்தன. ஒருவன் ஹாரன் அடித்தான். பிறகு பலர் அடித்தார்கள். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் காரின் பக்கவாட்டில் தலையை நீட்டி, "கத்துக்கற வண்டியை மைதானத்துல ஓட்டுங்கய்யா! போகச் சொல்றது கண்ணுக்குத் தெரியலையா?" என்று கத்திவிட்டு, விளக்கை நம்பித் தாண்டிப் போனான்.

லாரியின் கதவுக் கண்ணாடி இறங்கிற்று. அன்று மழையில்லை. ஒரு கை வெளியே வந்து, முன்னும் பின்னுமாக ஆடி, தாண்டிப் போகச் சொன்னது. பக்கக் கண்ணாடியில் கணவனின் முகம் தெரிந்தது. காரில் யார் என்பதை அவன் கண்டுகொண்டான். கை அப்படியே நின்றது.

"விளக்கும் சொல்லுது, கையும் சொல்லுது" என்றார் தையல்காரர், கெஞ்சும் குரலில். "இன்னும் என்னதான் சொல்லணும் டீச்சர்?"

"அதை வாயால சொல்லணும்" என்றாள் அவள். "அங்க, அந்த அதிகாரி முன்னாடி வந்து சொல்லணும். அதுவரைக்கும் தாண்டாதீங்க."

கை உள்ளே போயிற்று. விளக்கு அணைந்தது. லாரி நேராகவே போயிற்று.