முன்பக்கம் அண்ணனுக்கு, பின்பக்கம் தங்கைக்கு

1994 மே 9, திங்கட்கிழமை காலை, குவாரிச் சாலையில் டயர் கடைக்கு அடுத்த கொட்டகையில் நின்றிருந்த பழைய ஃபோர்வீல் டிரக் ஒரு சாண் நீண்டிருந்தது. கொட்டகைக் கதவை மூட முடியவில்லை. அளந்து பார்த்த தங்கை டேப்பைச் சுருட்டிவிட்டுப் பின் பம்பரை ஓங்கி உதைத்தாள். கோபம் வண்டியின் மேல் இல்லை.

வண்டி அப்பா விட்டுப்போனது. அவளுக்கும் அண்ணனுக்கும் பொது. மெக்கானிக்கான அவள் அதில்தான் குழாய் ஏறாத மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்காமல் அந்த மண்பாதையில் ஏற முடியாது. மார்ச் மாதம் அண்ணன் மாமனார் வீட்டுக்கு ஜம்பமாக வண்டியை எடுத்துப்போனான். ஃபோர்வீலை விடுவிக்காமலே தார்ச்சாலை முழுக்க ஓட்டினான். வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஓடும் தூரம் ஒன்றல்ல. மண்ணில் சறுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தாரில் சறுக்க வழியில்லாமல், என்ஜின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் முறுக்கெல்லாம் ஏறி, பல்சக்கரங்களின் பற்கள் தெறித்தன. வண்டியைக் கட்டி இழுத்துவந்தவன், "பழைய இரும்பு, எத்தனை நாள்தான் தாங்கும்?" என்றான். நான்தான் உடைத்தேன் என்று அவன் வாயால் ஒரு தடவை சொல்லவேண்டும். அவளுக்கு அது போதும். அவன் சொல்லவில்லை. மேட்டுத் தெருப் பெண்கள் குடத்தோடு இறங்கி ஏறினார்கள்.

அவள் கேஸை இறக்கி டீசலில் கழுவி மேசைமேல் வைத்தபோது, பாதி வண்டி தன்னுடையது, பாதி வேலையும் தன்னுடையது என்று அவனும் வந்து நின்றான். மேசையின் ஒரு முனையில் அவள் பின்பக்கத்து ஷாஃப்டுக்குப் பேரிங் ஏற்றினாள். மறுமுனையில் அவன் முன்பக்கத்தைக் கட்டினான். பேச்சுவார்த்தை நடுவில் நின்ற அண்ணி வழியாக நடந்தது.

"அண்ணி, உங்க வீட்டுக்காரர் இடைவெளிக்கு ஷிம் தகடு எத்தனை போட்டார்னு கேளுங்க."

"எத்தனைங்க போட்டீங்க?"

"வேணுங்கிற அளவு போட்டிருக்கேன்னு சொல்லு."

"எனக்குக் காது நல்லாவே கேக்குது அண்ணி. மண்டையிலதான் அவருக்கு ஒண்ணும் ஏறாது."

"நான் என்ன, தபால்காரியா? ரெண்டு பேரும் ஸ்பேனரால அடிச்சுக்கிட்டாவது நேரா பேசித் தொலைங்க."

பேசவில்லை. ஆளுக்கொரு அளவில் இடைவெளி வைத்த இரண்டு பாதிகளையும் ஒரே கேஸ்கெட்டில் மூடி முடுக்கினார்கள். அதன்பின் முன்சக்கரங்கள் அண்ணனுக்கும் பின்சக்கரங்கள் தங்கைக்கும் கட்டுப்பட்டன. ஒவ்வொரு சண்டைக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸி ஒரு சாண் நீண்டது. மழைக்காலத்துக்குள் கொட்டகையின் பின்சுவரை இடித்தார்கள். அடுத்த வருஷம் டயர் கடைக்கு வருகிறவர்கள் வண்டிக்கு அடியில் குனிந்து போகப் பழகினார்கள். பிரித்து ஒரே கையால் கட்டினால் சரியாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அப்படிச் செய்தால் அவன் உடைத்ததை அவளே மூடி மறைத்ததாகிவிடும் என்று ஸ்பேனரைத் தொடவில்லை. அவன் முன்னால் ஓட்டினான். அவள் பின்னால் தொட்டிமேல் உட்கார்ந்து, கேட்க ஆளில்லாமல் திட்டிக்கொண்டே போனாள். தண்ணீர் மட்டும் தவறாமல் மேட்டுக்குப் போனது.

ஏழாம் வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, மேடேறும்போது, ஸ்டியரிங்கைப் பார்த்தபடி அண்ணன் சொன்னான்: "நான்தான்டி உடைச்சேன்." அந்த வார்த்தை சேஸி வழியாக நகர்ந்து வியாழக்கிழமை அவளிடம் வந்துசேர்ந்தது. அவள் தொட்டியில் ஹோஸ் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இத சொல்ல ஏழு வருஷமா?" என்றாள். அது அவனுக்குச் சனிக்கிழமை கிடைத்தது.

அந்த வாரம் வண்டி ஒரு சாண் குறைந்தது. மீதி அப்படியே இருக்கிறது. முன்பக்கம் வந்ததும் மேட்டுத் தெருக்காரர்கள் குடங்களைக் கழுவி வரிசையில் வைக்கிறார்கள். பின்பக்கம் வந்ததும் தண்ணீர் பிடிக்கிறார்கள்.